ஒளிரும் வைப்ரியோ: குவோரம் சென்சிங் ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

இறால் ஹேட்சரிகளில் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டியைப் பார்ப்பார்கள். குஞ்சுகள் நீலப்பச்சையாக மினுங்கினால் ஒளிரும் வைப்ரியோ என்ற கடல் பாக்டீரியா உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். கவனிக்காமல் விட்டால் ஒரு தொட்டிக் குஞ்சு மொத்தமும் போய்விடும். வைப்ரியோ ஹார்வேயி, அதன் நெருங்கிய உறவான வைப்ரியோ கேம்ப்பெல்லியை என்ற இரண்டும்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். அந்த வெளிச்சத்தை ஏற்றும் அதே சமிக்ஞை அமைப்புதான் இவற்றின் நோய் உண்டாக்கும் கருவிகளில் பலவற்றையும் ஆட்டிவைக்கிறது. கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றை அளந்து, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பின்தொடரலாம். அதனால் இந்தத் துறையில் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை.

எம்.எஸ்ஸி. புராஜெக்ட்டுக்கோ ஆய்வுப் படிப்புக்கோ கடல் பாக்டீரியாவைக் கையில் எடுப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அடிப்படை நுண்ணுயிரியல் வேலைகள், அதாவது ஸ்ட்ரீக் செய்வது, ஓ.டி. பார்ப்பது, காலனி எண்ணுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தொடங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது

ஒவ்வொரு பாக்டீரியா செல்லும் சிறிய மூலக்கூறு ஒன்றை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. செல்கள் குறைவாக இருந்தால் அது நீரில் கரைந்து காணாமல் போகும். செல்கள் பெருகப் பெருக அது சுற்றிலும் சேரும். குறிப்பிட்ட செறிவைத் தாண்டியதும் செல்லின் ஏற்பிகள் அதை உணர்ந்து, ஜீன்களை மொத்தமாக மாற்றிப் போடுகின்றன. 1970இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் இதைக் கடல் பாக்டீரியாவில்தான் கண்டார்கள். இன்று அலிவைப்ரியோ ஃபிஷெரி என்று அழைக்கப்படும் அந்த இனம், ஹவாய் பாப்டெயில் கணவாயின் ஒளி உறுப்புக்குள் நெருக்கமாகக் குடியிருந்து ஒளிர்வது. செல்கள் இப்படித் தங்கள் அடர்த்தியை உணர்வதற்குக் குவோரம் சென்சிங் என்ற பெயர் 1994இல்தான் வந்தது.

ஃபிஷெரியில் பாதை எளிது: லக்ஸ்-ஐ சமிக்ஞையைச் செய்கிறது, லக்ஸ்-ஆர் அதைப் பிடித்து ஒளி ஜீன்களை இயக்குகிறது. ஹார்வேயி குழுவில் மூன்று சமிக்ஞைகள் உண்டு. ஹெச்.ஏ.ஐ-1 என்பது அசைல் ஹோமோசெரின் லாக்டோன் வகை. ஏ.ஐ-2 போரான் கலந்த சர்க்கரை போன்ற மூலக்கூறு. மூன்றாவது சி.ஏ.ஐ-1. மூன்றின் ஏற்பிகளும் ஒரே வழியில் வந்து சேர்கின்றன. செல்கள் குறைவாக இருக்கும்போது ஏற்பிகள் லக்ஸ்-ஓ என்ற புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அது சிறிய ஆர்.என்.ஏ.க்களை உண்டாக்கி லக்ஸ்-ஆரை அடக்குகிறது. சமிக்ஞை சேர்ந்ததும் பாஸ்பேட் இறங்குகிறது, அடக்குமுறை விலகுகிறது, லக்ஸ்-ஆர் எழுகிறது, வெளிச்சம் வருகிறது.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஃபிஷெரியின் லக்ஸ்-ஆரும் ஹார்வேயியின் லக்ஸ்-ஆரும் பெயரில் மட்டுமே ஒன்று. முன்னது தன் சமிக்ஞையான லாக்டோனை நேரடியாகப் பிடிக்கும். பின்னது வேறு புரதக் குடும்பம், சமிக்ஞையைத் தொடுவதே இல்லை. கட்டுரை படிக்கும்போது எந்த இனத்தைப் பற்றிய பேச்சு என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்துகிறது என்று கணினியில் டாக்கிங் படம் போட்டுத் தவறான புரதத்தில் மாதக்கணக்கில் உழைப்பீர்கள்.

எண்ணிக்கை கூடினால் நோய்த்தன்மையும் கூடும் என்ற எண்ணத்தையும் இப்போதே விட்டுவிடுங்கள். காலராக் கிருமியான வைப்ரியோ காலரேவில் நிலைமை தலைகீழ்: குறைந்த அடர்த்தியில் நச்சை உண்டாக்கிக் குடலில் ஒட்டிக்கொள்கிறது, நிறைந்தபின் இரண்டையும் நிறுத்திவிட்டு வெளியேறத் தயாராகிறது. அங்கே சமிக்ஞையைத் தடுத்தால் கேடுதான் நீளும். ஹார்வேயி குழுவிலேயே, புரதங்களை விலங்கின் செல்லுக்குள் செலுத்தும் மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பும் இரும்பைப் பிடிக்கும் சிடரோஃபோரும் அடர்த்தி கூடும்போது அடங்குகின்றன. புரதத்தைச் சிதைக்கும் மெட்டலோபுரோட்டியேஸும் வெளிச்சமும் எழுகின்றன. மீன்களைத் தாக்கும் வைப்ரியோ ஆங்குயில்லாரமில், ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் ஓட்டுடலியை வைத்துச் செய்த சோதனையில் குவோரம் சென்சிங்கை உடைத்தும் நோய்த்தன்மை குறையவில்லை. ஆகவே உங்கள் கேள்வி மூன்று துண்டாக இருக்கட்டும். இது சமிக்ஞை விடுகிறதா? சமிக்ஞைக்கு ஏற்ப நடத்தை மாறுகிறதா? அந்த மாற்றத்தால் உயிருள்ள விலங்குக்கு விளையும் தீங்கு மாறுகிறதா? முதல் கேள்விக்கு விடை கண்டுவிட்டு மூன்றாவதற்கு முடிவு எழுதும் ஆய்வேடுகள் அதிகம். உங்களுடையது அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

முதல் படி: பாதுகாப்பும் ஸ்ட்ரெய்னும்

ஹேட்சரி நீரிலிருந்து வருவதெல்லாம் ஹார்வேயி என்று நினைக்காதீர்கள். வைப்ரியோ வல்னிஃபிக்கஸ் சிறு வெட்டுக்காயம் வழியாக உள்ளே போய் உயிரையே எடுக்கக்கூடியது, முக்கியமாகக் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு. கையுறை கட்டாயம். கையில் காயம் இருந்தால் அன்று கல்ச்சர் வேலை வேண்டாம். கல்ச்சர் கழிவு எதுவும் ஆட்டோகிளேவ் ஆகாமல் சிங்க்கில் போகக்கூடாது.

வைப்ரியோவைப் பிரித்து வளர்க்கும் டி.சி.பி.எஸ். தட்டில் மஞ்சள் காலனி, பச்சைக் காலனி என்று பிரித்து, பச்சை வந்தால் பயப்படுவது பண்ணைகளில் வழக்கம். அந்த நிறம் சுக்ரோஸை நொதிக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே சொல்கிறது. இ.எம்.எஸ். என்று பண்ணையாளர்கள் சொல்லும், இறால்கள் இளம் பருவத்திலேயே சாகும் நோயைக் கொண்டுவருவது ஒரு பிளாஸ்மிட்டில் உள்ள பிர்-ஏ, பிர்-பி நச்சு ஜீன்கள். அந்தச் சந்தேகம் இருந்தால் முதலில் அவற்றுக்குப் பி.சி.ஆர். செய்யுங்கள், குவோரம் சென்சிங் பிறகு. இனத்தை உறுதிசெய்ய 16எஸ் வரிசை மட்டும் போதாது, ஹார்வேயி குழு இனங்களை அது பிரித்துக் காட்டாது. துறையின் அடிப்படை ஸ்ட்ரெய்னான பி.பி.120கூடப் பல ஆண்டுகள் ஹார்வேயி என்றே எழுதப்பட்டு, 2010இல்தான் கேம்ப்பெல்லியை என்று தெரிந்தது. பல ஜீன்களின் வரிசையோ முழு ஜீனோமோ வேண்டும்.

நீங்கள் பிரித்தெடுத்த பாக்டீரியாவை, அதாவது உங்கள் ஐசோலேட்டை மட்டும் வைத்துத் தொடங்காதீர்கள். பி.பி.120, ஏ.ஐ-2ஐ மட்டும் கண்டறியப் பயன்படுத்தும் பி.பி.170, ஹெச்.ஏ.ஐ-1க்கான பி.பி.886 மூன்றும் அமெரிக்கக் கல்ச்சர் சேமிப்பகமான ஏ.டி.சி.சி.யில் கிடைக்கும். முடிந்தால் லக்ஸ்-ஓ மாற்றம் கொண்ட இரண்டையும் வாங்குங்கள். ஜே.ஏ.எஃப்.483 சமிக்ஞை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும், ஜே.ஏ.எஃப்.548 எவ்வளவு அடர்ந்தாலும் இருட்டாகவே இருக்கும். இந்த இரண்டு இல்லாமல் கடைசிப் படிகளில் எந்த முடிவும் உறுதியாகாது.

இரண்டாம் படி: வெளிச்சத்தைப் பார்ப்பது

லூரியா மீடியத்தில் உப்பை 2 சதவீதமாக ஏற்றி, 30 டிகிரியில், ஷேக்கரில் பி.பி.120ஐ இரவு முழுக்க வளருங்கள். காலையில் இருட்டறைக்கு எடுத்துப் போய் ஐந்து பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழக வேண்டும். ஃபிளாஸ்க்கை அசைக்காமல் வைத்திருந்தால் மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய வளையமாக ஒளி நிற்கும். ஒரு சுழற்று சுழற்றினால் அடிவரை நீலப்பச்சை பரவி, கொஞ்ச நேரத்தில் மறுபடி மேலே ஒதுங்கும். லூசிஃபெரேஸ் நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும், அதுதான் காரணம். நேரே பார்த்து மகிழ்ந்தபின் இதை ஒரு எச்சரிக்கையாகக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றோட்டம் மாறினாலே வெளிச்சம் மாறும் என்பதால், சோதனை முழுவதும் ஒரே அளவு பாத்திரம், ஒரே அளவு மீடியம், ஒரே வேகம் இருக்க வேண்டும்.

அடுத்து அளவீடு. ஏ.பி. மீடியம் தயாரியுங்கள்: லிட்டருக்கு சோடியம் குளோரைடு 17.5 கிராம், ஏழு நீர் மெக்னீசியம் சல்ஃபேட் 12.3 கிராம், விட்டமின் நீக்கிய காசமினோ அமிலம் 2 கிராம், பி.ஹெச். 7.5. ஆட்டோகிளேவ் செய்து ஆறியபின் தனித்தனியாகக் கிருமிநீக்கம் செய்த 1 மோலார் பொட்டாசியம் பாஸ்பேட் (பி.ஹெச். 7) 10 மில்லி, 0.1 மோலார் எல்-ஆர்ஜினின் 10 மில்லி, 50 சதவீத கிளிசரால் 20 மில்லி சேருங்கள். இரவுக் கல்ச்சரை இதில் 5,000 மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். முதலில் 100 மடங்கு, அதிலிருந்து 50 மடங்கு என்றால் பிப்பெட் பிழை குறையும். அரை மணிக்கு ஒருமுறை வெளிச்சத்தையும், தட்டில் பரப்பிக் காலனி எண்ணிக்கையையும் எடுங்கள். தொடக்கத்தில் ஓ.டி. எதையும் காட்டாது.

வெளிச்சத்தைச் செல் எண்ணிக்கையால் வகுத்து வரைபடம் போடுங்கள். முதல் சில மணி நேரம் செல்கள் பெருகிக்கொண்டே இருக்கும், ஒரு செல்லுக்கான வெளிச்சமோ பல நூறு மடங்கு விழும்; பழைய சமிக்ஞை நீர்த்துப்போனதுதான் காரணம். பிறகு ஒரு கட்டத்தில் செங்குத்தாக ஏறும். இந்தப் பள்ளமும் ஏற்றமும் உங்கள் கையால் வந்துவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம். வராவிட்டால் மீடியம், நீர்ப்பு, காற்றோட்டம் மூன்றில் ஒன்று சரியில்லை. சரியாகும்வரை இங்கேயே நில்லுங்கள்.

மூன்றாம் படி: உங்கள் ஐசோலேட் சமிக்ஞை விடுகிறதா?

பெரும்பாலான கல்லூரி ஆய்வகங்களில் கிடைப்பது குரோமோபாக்டீரியம் வயலேசியம் சி.வி.026. தானாகச் சமிக்ஞை செய்ய முடியாத மியூட்டன்ட். வெளியிலிருந்து குட்டைச் சங்கிலி லாக்டோன் கிடைத்தால் ஊதா நிறமாகும். மலிவு, அழகு, தட்டிலேயே தெரியும். ஆனால் கடல் பாக்டீரியாவுக்கு இதைப் பயன்படுத்தும்போது சிக்கல்கள் உண்டு.

பெரிய சிக்கல் பி.ஹெச். லாக்டோன் வளையம் காரத்தில் திறந்துகொள்ளும், திறந்தால் சமிக்ஞை செத்தது. கடல் நீரே 8.1 சுற்றுவட்டாரம். புரதச் சத்து மீடியத்தில் இரவு முழுக்க வளர்ந்த வைப்ரியோ அதை இன்னும் காரமாக்கிவிடும். காலையில் செல்களை நீக்கிய தெளிநீரை எடுத்துச் சோதித்தால் தட்டு வெள்ளையாக இருக்கும், நீங்களும் சமிக்ஞை இல்லை என்று எழுதிவிடுவீர்கள். மீடியத்தை மாப்ஸ் பஃபர் கொண்டு 7க்குக் கீழே நிறுத்துங்கள். கல்ச்சரை இரவு முழுதும் விடாமல் பல நேரங்களில் எடுங்கள். எடுக்கும் ஒவ்வொரு முறையும் பி.ஹெச். குறித்து வையுங்கள். திறந்த வளையத்தை அமிலம் சேர்த்து மூட முடியும் என்பதால், பிரித்தெடுக்கும்முன் அமிலமாக்குவது நல்லது. சென்ட்ரிஃபியூஜ் செய்து, 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடித்து, சிறிது அசெட்டிக் அமிலம் கலந்த எத்தில் அசிட்டேட் சம அளவு சேர்த்து இரண்டு மூன்று முறை குலுக்கிப் பிரியுங்கள். உலர்த்திக் கரைத்த சாறைத்தான் தட்டில் இட வேண்டும். இதனால் கடல் மீடியத்தின் உப்பு சி.வி.026இன் வளர்ச்சியைக் கெடுக்கும் தொல்லையும் தீரும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விடும் பாடக்குறிப்புகளே அதிகம்: சி.வி.026 மூன்றாம் கார்பனில் ஹைட்ராக்ஸி உள்ள லாக்டோன்களைக் கண்டுகொள்வதில்லை. ஹெச்.ஏ.ஐ-1 அப்படிப்பட்டதுதான். அதாவது உங்கள் ஹார்வேயி தன் முதன்மையான லாக்டோனைத் தாராளமாக விட்டாலும் இந்தத் தட்டு வெள்ளையாகவே இருக்கலாம். அதற்குப் பி.பி.886 வைத்துப் பாருங்கள். நீண்ட சங்கிலி லாக்டோன்களுக்கு ஆக்ரோபாக்டீரியம் சென்சார் ஸ்ட்ரெய்ன்கள் இருக்கின்றன. மறுபக்கம், டைகீட்டோபிப்பரசின் போன்ற வேறு பொருள்களும் இந்தச் சென்சார்களைப் பொய்யாகத் தூண்டலாம். மூலக்கூறின் பெயரைச் சொல்ல வேண்டுமானால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வேண்டும். தட்டை வைத்துப் பெயர் எழுதாதீர்கள்.

ஏ.ஐ-2க்குப் பி.பி.170. இரவுக் கல்ச்சரை ஏ.பி. மீடியத்தில் 5,000 மடங்கு நீர்த்து, 180 மைக்ரோலிட்டருடன் உங்கள் தெளிநீர் 20 மைக்ரோலிட்டர் சேர்த்து, 96 குழித் தட்டில் 30 டிகிரியில் வெளிச்சம் படியுங்கள். பி.பி.170 நேரம் போகப்போகத் தானே ஏ.ஐ-2 செய்து தானே ஒளிரும். அதனால் வெறும் மீடியம் சேர்த்த குழிகள் மிகக் குறைவாக ஒளிரும் நேரம் எதுவோ, அந்த நேரத்து எண்களை மட்டுமே ஒப்பிடுங்கள். உங்கள் மீடியத்தில் குளுக்கோஸ் இருந்தால் இந்தச் சோதனையே கெடும், வெளிச்சம் அடங்கிவிடும். போரேட் சேர்ந்தால் வெளிச்சம் ஏறும். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 4.5 மில்லிகிராம் போரான் இருப்பதால் கடல்நீர் மீடியத்தையும் நன்னீர் மீடியத்தையும் நேருக்கு நேர் ஒப்பிடவே கூடாது.

நான்காம் படி: நடத்தை மாறுகிறதா?

இது சிக்கலில்லாத வேலை. பால்பொடி அகாரில் கேசினேஸ், ஜெலட்டின் தட்டு, 0.3 சதவீத மென்அகாரில் நீச்சல், கைட்டின் தட்டு. ஒவ்வொன்றிலும் பி.பி.120, ஜே.ஏ.எஃப்.483, ஜே.ஏ.எஃப்.548 மூன்றும் உங்கள் ஐசோலேட்டுடன் ஒரே தட்டில் இருக்கட்டும். எப்போதும் இருட்டாக இருப்பதற்கும் எப்போதும் ஒளிர்வதற்கும் வளைய விட்டத்தில் தெளிவான வேறுபாடு இல்லையென்றால், அந்தத் தட்டில் குவோரம் சென்சிங்கின் பங்கைக் கண்டுபிடிக்க முடியாது என்று அர்த்தம். நுழைக்கும் செல் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் சமமாக இருக்க வேண்டும். இதைச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றும், ஆனால் பெரும்பாலான குழப்பம் இங்கேதான்.

ஐந்தாம் படி: ஆர்ட்டீமியா

இறால் குஞ்சில் நேராகத் தொடங்காதீர்கள். ஹேட்சரிக் குஞ்சுகள் ஏற்கெனவே பல பாக்டீரியாக்களைச் சுமந்து வருகின்றன, எது கொன்றது என்று தெரியாது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த முறை கிருமியற்ற ஆர்ட்டீமியாவைப் பயன்படுத்துகிறது. முட்டையோட்டை ஹைப்போகுளோரைட்டில் கரைத்து நீக்கி, கிருமிநீக்கிய கடல்நீரில், வடித்த காற்று விட்டு, 28 டிகிரியில் ஒரு நாளில் பொரிக்க வைக்கிறார்கள்.

பொரித்த உடனே பாக்டீரியாவைச் சேர்த்தால் பயன் இல்லை. நாப்ளி என்ற பொரித்த குஞ்சுக்கு முதல் கட்டத்தில் வாய் திறந்திருக்காது, அது தன் மஞ்சள்கருவைக் கொண்டே வாழ்கிறது. சுமார் எட்டு மணி நேரம் கழித்து இரண்டாம் கட்டத்துக்கு மாறியபின்தான் நீரில் உள்ளதை வடிகட்டித் தின்னத் தொடங்கும். லென்ஸில் பாருங்கள்: முதல் கட்டத்தில் உடல் ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக, நடுவில் ஒளிபுகாமல் இருக்கும்; இரண்டாம் கட்டத்தில் நீண்டு, உள்ளே குடல் ஒரு கோடாகத் தெரியத் தொடங்கும். அந்தக் கோடு தெரிந்தபின் குழாய்க்கு 20 நாப்ளி வீதம் எண்ணிப் போட்டு, கொல்லப்பட்ட பாக்டீரியாவை உணவாகக் கொடுத்து, மில்லிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி வரையான வைப்ரியோ செல்களைச் சேருங்கள். 48 மணி நேரம் கழித்து நீந்துபவற்றை எண்ணுங்கள்.

ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தது ஐந்து குழாய். பாக்டீரியா சேர்க்காத குழாய்களில் பெரும்பாலானவை பிழைத்திருக்க வேண்டும். அவற்றிலிருந்து தட்டில் பரப்பினால் காலனி எதுவும் வரக்கூடாது. வந்தால் அந்த முறை முழுவதையும் தள்ளுபடி செய்யுங்கள். முடிவில் நீரில் இருக்கும் வைப்ரியோ எண்ணிக்கையையும் பாருங்கள். மியூட்டன்ட் குறைவாகக் கொன்றது அது குறைவாக வளர்ந்ததாலா என்று கேட்பவர்களுக்கு அந்த எண்தான் பதில்.

ஆறாம் படி: தடுப்பான்களைச் சோதிப்பது

நம் ஊரில் பலரும் இங்கேதான் தொடங்குகிறார்கள், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு இலைச்சாற்றை எடுத்து, ஊதா நிறமியான வயலேசினைத் தானே செய்யும் குரோமோபாக்டீரியத்தில் சேர்த்து, ஊதா குறைந்தது என்று காட்டி, குவோரம் சென்சிங் தடுப்பான் என்று தலைப்பிடுகிறார்கள். ஊதா குறைய வேறு பல வழிகள் உண்டு. செல் கொஞ்சம் நோய்வாய்ப்பட்டாலே நிறமி குறையும். நிறமி செய்யும் நொதியைச் சாறு நேரடியாகத் தடுக்கலாம். கரும்பச்சைச் சாறு 585 நானோமீட்டரில் தானே ஒளியை உறிஞ்சி அளவைக் குழப்பலாம்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் வளர்ச்சி வளைகோடு, சாறின் ஒவ்வொரு செறிவுக்கும், முடிவுநேர ஓ.டி. மட்டும் போதாது, காலனி எண்ணிக்கையும் வேண்டும். வளர்ச்சியைத் தொடாத செறிவில் மட்டும் பி.பி.120இன் வெளிச்சத்தைப் பாருங்கள். குறைந்தால் உடனே அதே செறிவை ஜே.ஏ.எஃப்.483இல் போடுங்கள். அதன் வெளிச்சத்துக்குச் சமிக்ஞை தேவையில்லை. அதிலும் குறைந்தால் உங்கள் சாறு சமிக்ஞையைப் பிடிக்கும் இடத்தில் வேலை செய்யவில்லை. லூசிஃபெரேஸையோ ஆக்சிஜனையோ செல்லின் ஆற்றலையோ தொடுகிறது. இந்த ஒரு கன்ட்ரோல் எத்தனையோ போலி முடிவுகளை வடிகட்டிவிடும். இதைத் தாண்டி வந்ததை மட்டும் ஆர்ட்டீமியாவுக்குக் கொண்டு போங்கள், சாறு மட்டும் சேர்த்த குழாய்களும் கூடவே இருக்கட்டும்.

ஆஸ்திரேலியக் கடலோரச் செம்பாசியான டெலிசியா புல்க்ராவின் ஹாலஜன் கலந்த ஃபியூரனோன்கள் இந்தத் துறையின் முதல் பெரிய கண்டுபிடிப்பு. அவை சமிக்ஞையைத் தடுக்கின்றன. ஆனால் செறிவு கொஞ்சம் ஏறினால் இறால் குஞ்சுக்கே நஞ்சாகும் வகைகள் அதில் உண்டு. அதனால்தான் சாறு மட்டும் சேர்த்த குழாய்களை வலியுறுத்துகிறேன்.

பேசிலஸ் இனங்கள் சிலவற்றின் லாக்டோனேஸ் நொதி, லாக்டோன் வளையத்தை வெட்டிச் சமிக்ஞையை அழிக்கிறது. ஹேட்சரி புரோபயாட்டிக்குகள் பெரும்பாலும் பேசிலஸ் என்பதால் இந்த வழி நடைமுறைக்கு மிக அருகில் உள்ளது. குளோராம்பெனிகால் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் இறால் வளர்ப்பில் தடைசெய்யப்பட்ட நம் நாட்டில் இதன் மேல் ஆர்வம் வருவதும் நியாயம். ஆனால் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் பாருங்கள்: ஹார்வேயி குழுவுக்கு மூன்று சமிக்ஞைகள். லாக்டோனேஸ் வெட்டுவது ஹெச்.ஏ.ஐ-1ஐ மட்டும். ஏ.ஐ-2 லாக்டோன் அல்ல, அப்படியே நிற்கும். கிருமியற்ற ஆர்ட்டீமியாவில் பி.பி.120இன் கொல்லும் திறனைக் குறைத்தது ஏ.ஐ-2 பாதையை உடைத்ததுதான், ஹெச்.ஏ.ஐ-1 பாதையை உடைத்ததில் பலன் தெரியவில்லை. ரோட்டிஃபெர் என்ற நுண்ணிய நீர்வாழ் விலங்கில் சோதித்தபோது இரண்டுக்குமே பங்கு இருந்தது. விலங்கு மாறினால் விடையும் மாறுகிறது.

ஆகவே லாக்டோனேஸ் உள்ள பேசிலஸை ஹேட்சரிக்காகச் சோதிக்கிறீர்கள் என்றால், லாக்டோனைச் சிதைத்ததாகக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். அந்தப் பேசிலஸின் லாக்டோனேஸ் ஜீனை நீக்கிய ஸ்ட்ரெய்னையும் அருகில் வைத்து, அதே ஹார்வேயி ஐசோலேட்டுக்கு எதிராக, முதலில் ஆர்ட்டீமியாவிலும் பிறகு நீங்கள் உதவ விரும்பும் இறாலின் குஞ்சிலும் பாருங்கள். இரண்டு பேசிலஸும் ஒரே அளவு காப்பாற்றினால் காப்பாற்றியது லாக்டோனேஸ் அல்ல. இடப்போட்டியோ உணவுப்போட்டியோ வேறு ஏதோ ஒன்று அந்த வேலையைச் செய்திருக்கிறது, அடுத்த சோதனையை அதை நோக்கி வடிவமைக்க வேண்டும்.